முப்பத்திரண்டு மூடிகள்

முனிச்சாலையில் இந்த மாடிக்கு வாடகை குறைவு,
கீழே பாத்திரக் கடை என்பதால்.
சீர்வரிசைக் குடங்களில் பெயர் வெட்டுகிற மெஷின்
பகலெல்லாம் ட்ர்ர்ர் என்று
என் தரைக்குப் பல் விளக்கும்.
அதனால் நான் இரவில்தான் உலோகம் செய்கிறேன்.

உலை கிடையாது. ஒரு கம்ப்யூட்டர்,
இடது காது மட்டும் கேட்கிற ஹெட்போன்,
யார் வீட்டு மோட்டார் ஓடினாலும்
சோர்ந்துபோகிற டியூப்லைட்.

கேட்டவர் புதூர் ஆரோன்,
மேடைக் கச்சேரிகளில் ரிதம் பேட் வாசிப்பவர்.
முதலில் அனுப்பிய சிம்பலுக்குக்
குரல் பதிவில் பதில் வந்தது:
"தாயி, அப்பளம் நொறுங்குது."
இரண்டாவதற்கு:
"இது தாளிக்கிற சீரகம்."
மூன்றாவதற்கு
இரண்டு நீல டிக் மட்டும்.

ஒரே சுருதியில் தொடங்கினால் மணியாகிவிடுகிறது.
சைக்கிள் மணி, பள்ளிக்கூட மணி, ஐஸ் வண்டி மணி
எல்லாம் நல்ல பிள்ளைகள்,
கேட்டவுடன் தங்கள் ஸ்வரத்தை ஒப்பித்துவிடும்.
தகடு அப்படிச் சொல்லாது.

ஆகவே ஆறு சதுர அலைகள்.
முன்னூற்றுப் பதினேழு, நானூற்று இருபத்தொன்று,
ஐந்நூற்று அறுபத்து மூன்று என்று
எதனாலும் வகுபடாத எண்களாகப் பொறுக்கி
ஒரு குழாயடியில் ஆறு குடித்தனங்களைப் போல
ஒரே ஃபில்டருக்குள் விட்டேன்.
சண்டை பிடித்தன. நன்றாக இருந்தது.
அடிக்குரல் முழுவதையும் அறுத்தெறிந்தேன்.
மேலே மிஞ்சிய மினுக்கத்தின் மீது
கொஞ்சம் இரைச்சல் தூவினேன்.

அடித்தேன். சரி.
மறுபடி அடித்தேன். அதே சரி.
மூன்றாவது அடி முதல் அடியின் ஜெராக்ஸ்.
பொய் அங்கேதான் பல்லைக் காட்டியது.

தெருமுனையில் அன்றைய கடைசிக்
கொத்து பரோட்டா நடந்துகொண்டிருந்தது.
ஜன்னலைத் திறந்தேன்.
கல்லும் தகடும், தகடும் கல்லும்,
ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது.
நிஜத் தகட்டில் இரண்டாவது அடி
சும்மா இருக்கிற உலோகத்தின் மேல் விழுவதில்லை,
ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பதன் மேல் விழுகிறது.

போன ஆடியில் எங்கள் வீட்டுக்கு வந்த
இரண்டாவது போன் ஞாபகம் வந்தது.
கொஞ்ச நேரம் மவுஸைத் தொடவில்லை.

பிறகு,
ஒவ்வொரு அடிக்கும் அலைகளைச்
சுழியத்துக்குத் திருப்பி அனுப்புகிற பொத்தானை அணைத்தேன்.
எங்கே இருந்தனவோ அங்கிருந்தே அதிரட்டும்.
ஓங்கி அடித்தால் கூச்சல்
ஒரு இமைப்பொழுது பிந்தி வரட்டும்.
மேல்குரல்கள் முதலில் சாகட்டும்,
கீழ்க்குரல் இழுத்துக்கொண்டு கிடக்கட்டும்.
ஹெட்போனை நம்பாமல்
ஸ்பீக்கரில் ஒருமுறை போட்டேன்.
மணி இரண்டே கால்.

கீழே ஷட்டர் ஏறியது.
முகூர்த்த மாதங்களில் கடையிலேயே படுத்துக்கொள்ளும்
பெயர் வெட்டுகிற ஜைனுலாப்தீன்,
கைலியை மடித்துக் கட்டியபடி, கையில் டார்ச்.
"எதும்மா விழுந்துச்சு?"
"ஒண்ணுமில்லண்ணே."
"மூடி விழுந்துச்சு. பித்தளை.
எனக்குத் தெரியாதா?"

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
விடிந்தால் திருமங்கலம் போகவேண்டிய சீர்,
'தவசி – பூமயில்' என்று வெட்டி முடித்தது.
வெளிச்சம் அடுக்கில் ஏறி அடுக்கில் இறங்கியது.
முப்பத்திரண்டு.
ஒவ்வொன்றாகத் தொட்டு மறுபடி எண்ணினார்.

சொல்லியிருக்கலாம்.
நாளைக்கு ஆரோன் என்ன சொன்னாலும்
இதற்கு ஈடாகாது என்று தோன்றியதால்
சொல்லவில்லை.

"கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார்,
நம்பாமல்,
குனிந்து பெஞ்சுக்கு அடியில்
டார்ச் அடித்துக்கொண்டே.