இரண்டு லிட்டர்

கடிதத்தில் தெளிவாகத்தான் இருந்தது:
இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீர்,
ஒரு சொட்டும் வீணாகக் கூடாது.
அவர்கள் அனுப்பிய கேன் தபாலிலேயே விரிசல் விட்டிருந்தது.
வீட்டில் கிடந்தது ஒரு கோஃபோலா பாட்டில்.
கழுவினேன். நிரப்பினேன். மூடியை இறுக்கினேன்.

ஷிலினாவில் ரயிலேறும்போது தேநீர் நிறம்.
திரென்சீன் கோட்டை ஜன்னலில் வந்து போனபோது
கன்னங்கரேல்.
எதிர் இருக்கைப் பையன் அதையே பார்த்தான்.
ஒரு மடக்கு கேட்டுவிடுவானோ என்று
பையைக் காலால் உள்ளே தள்ளினேன்.
குனிந்து அல்ல. குனிவதை என் முதுகு
நாற்பது வயதில் விட்டுவிட்டது.

கூரை வேய்கிறவனுக்கு முதுகு வலிக்காதா என்றார் முதல் டாக்டர்.
அடுத்தவர் களிம்பு கொடுத்தார்.
முழங்காலைத் திறந்தவர்
உள்ளே குருத்தெலும்பு கரியாய் இருக்கக் கண்டு
மாணவர்களுக்காகப் படம் பிடித்துக்கொண்டார்;
என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
யாருடைய விடுப்புக்கோ வந்த ஒரு சின்னப் பெண்தான்
என் காதைப் பார்த்துவிட்டு எங்கோ போன் செய்தாள்.

வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஊர்.
மையம் பின் தெருவில், மூன்றாம் மாடியில்,
ஒரே ஒரு தாழ்வாரம்.
சீட்டை விரித்து எழுத்துக் கூட்டத் தொடங்கினேன்: அல், காப்…
"அல்காப்டோன்யூரியா" என்றாள் மேஜைக்காரி
உருளைக்கிழங்கு என்பதைப்போல.

காத்திருந்தவர்கள் நான்கு பேர்.
பார்தெயோவிலிருந்து வந்த ஷெல்மீரா
தண்ணீர் குடிக்க எழுந்தாள்:
முதலில் இரண்டு கை, அப்புறம் மூச்சு,
அப்புறம் கதவைத் தூக்கி நிறுத்தியதுபோல்
உடம்பு மொத்தமும் ஒரே துண்டாய்.
இப்படித்தான் எழுகிறேனா நான்?
என்னை நான் வெளியிலிருந்து பார்த்ததே இல்லை.

அவள் காது மடலில் மை ஊறிய நீலம்.
"உங்களுக்கும்" என்றாள்.
வயது வந்த இரண்டு பேர்
ஒருவர் காதை ஒருவர் வெட்கமில்லாமல் பார்த்தபடி நின்றோம்.
பிறகு என் பையைக் காட்டிக் கேட்டாள்:
"எனக்கும் கொஞ்சம் ஊற்றுவீர்களா?"
அறையே சிரித்தது.
சிரித்தால் விலா வலிக்கும் எங்களுக்கு.
ஐந்து பேரும் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டோம்.

டாக்டர் ஹ்ரோன்ஸ்கா எதையும் மழுப்பவில்லை.
மாத்திரை இருக்கிறது. இறைச்சி குறையணும், பாலாடைக்கட்டியும்.
கறுத்தது வெளுக்காது;
இனிக் கறுப்பதைத் தடுத்துப் பார்க்கலாம்.
"கைக்குழந்தையாக இருந்தபோது
துணி கறுத்ததா, பிளாஷெய்?"

தெரியாது. தாழ்வாரத்துக்கு வந்து அம்மாவை அழைத்தேன்.
கேட்டதும் கோபம் வந்துவிட்டது அவளுக்கு.
துவைத்தேன், மூன்று சோப்பு மாற்றினேன், கொதிக்கவைத்தேன்,
உன் அத்தை கொடியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள்,
அதை இப்போது சொல்லமாட்டேன்.

சோப்புப் பட்டால் அது இன்னும் கறுக்குமாம் அம்மா.

அங்கே குழாய் ஓடிக்கொண்டிருந்தது.
நிறுத்தினாள்.
"இன்னுமா?"
ஆமாம். தேய்க்கத் தேய்க்க.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.
"ஞாயிற்றுக்கிழமை வருவாய் இல்லையா" என்றாள்,
"கல்லறைக்குக் கூட்டிப்போ.
உன் அத்தையிடம் ஒன்று சொல்லணும்."