நடுவிலிருந்து ஓரத்துக்கு

நாலு கை வேண்டும் என்றான் ஆர்வோ, போனில்.
உன்னிடம் இரண்டுதானே இருக்கிறது என்றேன்.
அதனால்தான் கூப்பிட்டேன் என்றான்.

டுலூத்தில் ஏப்ரல் என்பது
பெயர் மாற்றிக்கொண்ட பிப்ரவரி.
ஏரியில் இன்னும் பனிப்பாளங்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.
படகு இருக்கைகளுக்கு உறை தைக்கும் என் பட்டறையிலிருந்து
வளைந்த ஊசி, கத்தரி, ஒரு டப்பா நிறையக் கவ்விகள்
எடுத்துக்கொண்டு போனேன்.
எட்டு வருடமாகிறது அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி.

கராஜுக்குள்
அறுபத்தெட்டாம் வருடத்து ரோட்ரன்னர்.
இருக்கை இல்லை, முன்கண்ணாடி இல்லை.
பல்செட்டை டம்ளரில் போட்டுவிட்டு
வாயைத் திறந்து வைத்திருப்பவரைப் போல நின்றது.

பழைய விதானம்
அவன் அப்பாவின் சிகரெட்டில் பழுத்துத்
தேநீர் நிறமாகியிருந்தது.
ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.
அப்பளம் மாதிரி நொறுங்கியது.
துணிக்கும் தகரத்துக்கும் நடுவே ஓர் எலிக்கூடு,
சணல், பஞ்சு, ஏதோ ரசீதின் துணுக்குகள்,
அவற்றுக்குள்ளே
நீலக் கம்பளி இழை.

ஐலியின் கையுறை.
வலது கை.

அந்தக் குளிர்காலத்தில் அதற்காக ஒரு வாரம் பேசாமல் இருந்தோம்.
நீ தொலைத்தாய். இல்லை, நீ.
பிள்ளைக்கு வேறு கையுறை வாங்க
இருவருக்குமே தோன்றவில்லை.
மற்ற சண்டைகளுக்கெல்லாம் அந்த வாரத்தில்தான் பல் முளைத்தது.

அவன் சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
வெகுநேரம் கழித்து வந்தது,
வாயில் மூன்று கவ்விகளைக் கடித்துக்கொண்டு
பின்கண்ணாடி ஓரத்தில் நான் மல்லாந்து கிடந்தபோது.

ஐந்து வளைகம்பிகள்.
பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், வளைவு வேறு வேறு.
வரிசை மாறினால் கூரை தொங்கிவிடும்.
ஒவ்வொன்றிலும் நாடா ஒட்டி எண் எழுதி வைத்திருந்தான்.
அவன் எழுதும் மூன்றும் ஐந்தும்
அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் வேறு வேறாகத் தெரியும்.

குளிரில் வினைல் விறைத்திருந்தது.
ஹீட்டரை மூட்டினான். நான் தலை உலர்த்தும் கருவியைப் பிடித்தேன்.
நடுவிலிருந்து ஓரத்துக்கு இழு.
இந்தப் பக்கம் ஒரு பிடி, அந்தப் பக்கம் ஒரு பிடி.
நான் உள்ளே, அவன் வெளியே,
இழு, விடு, இன்னும் கொஞ்சம், போதும், போதும் என்கிறேன்.

பசையை இரண்டு பக்கமும் தடவ வேண்டும்.
விரலில் ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும்.
அப்புறம் தொட்டால் விடாது.
இதை நான் எதற்கும் உவமையாகச் சொல்லவில்லை.
பசை டப்பாவில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.

உள்விளக்குக்குத் துளை போடுகையில்
கத்தியை என்னிடம் நீட்டினான்.
நீயே வெட்டு. வெட்டினால் வெட்டியதுதான்.
துணிக்குப் பின்னால் திருகாணியை விரல் நுனியால் தேடி,
தீக்குச்சித் தலையளவு ஒரு பெருக்கல் குறி.
கம்பிகளை வெளியே எடுத்து அவன் இணைத்தான்.
விளக்கு எரிந்தது.
ஒருவரை ஒருவர் பார்ப்பதற்குள்
பேட்டரி இறங்கிவிடும் என்று அணைத்துவிட்டான்.

தையல் நூல் பிடித்தாற்போல் ஓடியது.
ஆனால் ஓட்டுநர் பக்கம், காதுக்கு மேலே,
ஒரு சுருக்கம்.
மூன்று தடவை இழுத்தும் போகவில்லை.
ஜூலை வெயிலில் தானாக இறுகும் என்றேன்.
ஜூலையில் வந்து பார் என்றான்.
வாடிக்கையாளர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள்.

காசோலையை வாங்கிக்கொண்டேன்.
நூற்றெண்பது டாலர்.
கையுறைக்கு யாரும் எதையும் கழிக்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம்
ஸ்டியரிங்கில் விரல்கள் ஒட்டி ஒட்டி விட்டன.
சிவப்பு விளக்கில் நின்று
கட்டைவிரலில் காய்ந்த பசையை உரித்தேன்.
பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

கூட்டை அவன் குப்பையில் கொட்டியதை என் கண்ணால் பார்த்தேன்.
நீல இழை அதில் இல்லை.
நான் எடுக்கவில்லை.