தனி வரியில் நின்ற எண்

சம்மாந்துறையில் சிறுபோகத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
கமநல நிலையத்தின் பின்னறை, ஒரு மின்விசிறி,
பதினேழு வருடப் பயிர்ச்செய்கைக் கூட்ட அறிக்கைகள்.
எல்லாமே றிபாய்தீனின் அச்சகத்தில் அடுக்கியவை.
பாமினியைக் கழற்றினால்
வட்டவிதானை மீராலெவ்வை
ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய் உதிர்கிறார்.
கூட்டி எழுப்ப ஒரு நிமிடம்.

றிபாய்தீன்,
உமக்குத் தலைப்பென்றால் பதினெட்டுப் புள்ளி, தடிப்பு, நடுவில்.
நடுவில் வருவதற்கு
இருபத்திரண்டு தடவை இடைவெளி தட்டியிருக்கிறீர்.
எண்ணினேன்.
கோட்டுக்குள் கோடு போட்ட அட்டவணை,
பக்கத்தின் நாலு மூலையிலும் நெற்கதிர்.
அழகுதான்.
வரப்பில் நிற்பவனின் கைபேசியில் மட்டும்
உம்முடைய பக்கம் பாதி வெளியே தொங்குகிறது.

ஆகவே வழிக்கிறேன்.
தலைப்புக்கு ஒரு குறி, பந்திக்கு ஒன்று,
அட்டவணைக்கு வரிசை, வரிசைக்குள் கட்டம்.
நிறம் வேண்டாம். அளவு வேண்டாம்.
அகலம் வேண்டவே வேண்டாம்,
திரை எவ்வளவோ எழுத்தும் அவ்வளவு.
வரிமுனையில் ஒடிந்து கிடந்த வாய்க்கால்
மறுபடி ஒரே சொல்லாகிறது.
நெற்கதிரை அழிக்கும்போது
கை கொஞ்சம் நின்றது. பொய் சொல்ல மாட்டேன்.

பக்க எண்கள்தான் தொல்லை.
'மதகைப் 31 பூட்டும் நேரம்' என்று
வாக்கியத்தின் நடுவே வந்து குந்தியிருக்கின்றன.
தனி வரியில் எண் மட்டும் நின்றால் நீக்கு:
ஒரே கட்டளை.
நூற்றுத் தொண்ணூற்றைந்து போயின.
பக்கங்கள் நூற்றுத் தொண்ணூற்று நாலு.
இடைவெளியை எண்ணியவள் இதை எண்ணவில்லை.

அஸருக்குப் பிறகு மீராலெவ்வை அழைத்தார்.
"புள்ள, எங்கட வட்டைக்கு இந்தமுறை
எத்தின நாள் தண்ணி?"
தேடி வாசித்தேன்.
'கடைசி வட்டைக்கு
நாட்கள் நீர் வழங்கப்படும்.'

எவ்வளவு சுத்தமான வாக்கியம்.

றிபாய்தீனின் மூலக் கோப்பைத் திறந்தேன்.
அங்கே இரண்டு வரிகளுக்கு இடையில்,
தடிப்பாய், நட்டநடுவில்,
இருபத்திரண்டு இடைவெளிக்கு அப்பால்
ஒரு 4.
எவன் கண்ணுக்கும் தப்பாதிருக்க
அவர் அறிந்த ஒரே வழி.

திரும்ப வைத்தேன்.
முழு அறிக்கையிலும் அதற்கு மட்டும்
அழுத்தம் என்றொரு குறி.

"நாலு நாள், காக்கா."
அந்தப் பக்கம் உழவு இயந்திரம் இரைந்தது.
"நாலா? கூட்டத்தில ஐஞ்சுக்குத்தானே கை தூக்கின?"
எனக்குத் தெரியாது. நான் கூட்டத்தில் இருக்கவில்லை.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"சரி, அப்பிடியே போடு.
எல்லாரும் பாக்கட்டும்."