தெற்குவாடி மினிட்ஸ் நோட்டு

செவ்வாய்க்கிழமை, பங்கு மன்றம்.
ஓடுகிற மின்விசிறி ஒன்றுதான்.
அதற்கடியில் கஸ்பாரும் அவர் ஆட்களும்.
எதிரில் வியர்த்தபடி தொபியாஸ் வீட்டார்.
நடுவில் ரெமிஜியுஸ் சாமி,
வந்து நாலு மாதம், வயது முப்பத்தொன்று,
பாம்பன் கடலில் இன்னும் வாந்தியெடுப்பவர்.
ஏலக்கடைக் கணக்கெழுதும் கை என்னுடையது.
சமாதானத்தையும் அதே கையால் எழுதச் சொன்னார்கள்.

பொருள்: நண்டு வலை, பதினாறு துண்டு.
நாட்டுப்படகின் நாளில்
விசைப்படகின் மடி வாரிக்கொண்டு போனது.
சாட்சிக்கு ஒரு துண்டு வலை
மேசைமேல், ஈரம் காயாமல்.

சாமி வெகுதூரத்திலிருந்து ஆரம்பித்தார்.
குதிரைப்படையோடு வந்த அரசனை
ஆற்றங்கரையில் ஆயுதமில்லாமல் சந்தித்துத்
திரும்பிப் போகச் சொன்ன ஒரு போப்பாண்டவர்.
அவன் போனானாம்.
"ஏன் போனான்?" என்றார் ஐஸ் கம்பெனி அபுதாகிர்.
சாமி பொய் சொல்லத் தெரியாதவர்.
"படையில பசியும் நோயும் இருந்துச்சுன்னும் சொல்றாங்க."
"அப்ப டீசல் தீந்துபோச்சு" என்றார் அபுதாகிர்.
சிரிப்பு இரண்டு பக்கமும் வந்தது.
எழுதலாமா என்று பார்த்தேன். எழுதவில்லை.

அடுத்து, கோடு போட்டவர்.
ஐந்நூறு வருடம் முன்பு
தான் கால் நனைக்காத கடலில்
மேலிருந்து கீழாக ஒரு கோடு.
அந்தப் பக்கம் ஒரு ராஜாவுக்கு,
இந்தப் பக்கம் இன்னொருவருக்கு.
"அங்கன மீன் புடிச்சவுகள கேட்டாரா?"
இன்னாசியம்மாள், தொபியாஸ் மனைவி.
பதில் இல்லை என்று எழுதிக்கொண்டேன்.

கஸ்பார் அப்போது தரையைப் பார்த்தார்.
எங்களுக்கும் ஒரு கோடு இருக்கிறது.
தண்ணீரில் தெரியாது,
பெட்டி கத்தினால் உண்டு, கத்தாவிட்டாலும் உண்டு.
அதற்கு அப்பால் ஏழு மாதமாக
அவர் தம்பி
எந்தச் சிறையில் என்பதே
மாதம் ஒரு பதிலாய் வருகிறது.

உலகத்தின் தெற்கு முனையில் மூன்று குட்டித் தீவு,
இரண்டு நாட்டுப் பட்டாளமும் கிளம்பியாச்சு,
கிறிஸ்துமஸுக்கு மறுநாள்
போப்பின் ஆள் ஒருவர் விமானத்தில் போய் இறங்கினார்.
பேசி முடிக்க ஆறு வருடம்.
"ஆறு வருசமா! ஆறு நாள்ல
இந்த நூலு உப்புல இத்துப்போகும் சாமி."
"ஆனா சண்டை வரல."
கஸ்பார் தலை நிமிர்ந்தார்:
"அந்த ஆறு வருசமும்
அவுகள தொழிலுக்கு விட்டாகளா?"
சாமி யோசித்தார்.
"தெரியல" என்றார்.

அன்று மன்றத்தில் எல்லாரும் நம்பிய
முதல் சொல் அதுதான்.

அதற்குப்பின் சரித்திரம் இல்லை, ரூபாய்தான்.
பதினெட்டாயிரம் கேட்டார்கள். ஏழு என்றார்.
தம்பி பெயரை யாரோ இழுத்தார்கள்,
நாற்காலி ஒன்று விழுந்தது,
இன்னாசியம்மாளே அதட்டி உட்காரவைத்தாள்:
"அவன் சங்கதி இந்த வலையில இல்ல."
பதின்மூன்று. இரண்டு தவணை.
முதல் தவணை வரும்வரை
ஐஸ் கடன் அபுதாகிர் பொறுப்பு.
கஸ்பார் கையெழுத்து, தொபியாஸ் கைநாட்டு.

நாற்காலி அடுக்கும்போது சாமி சொன்னார்,
முதல் உலகப்போரில் ஒருவர்
எல்லா நாட்டுக்கும் எழுதினார்,
வீண் கொலை இது, நிறுத்துங்கள் என்று.
ஒருத்தரும் நிறுத்தவில்லை.
"அவரத்தான் முதல்ல சொல்ல நெனச்சேன்.
பயமா இருந்துச்சு."
நோட்டை நான் மூடியிருந்தேன்.

விடிந்தால் புதன், விசைப்படகின் நாள்.
மறந்த வலையை எடுக்க
இன்னாசியம்மாள் திரும்பி வந்தாள்.
கண்ணியில் சிக்கிக் கிடந்த நண்டுக் காலைப் பிய்த்து
சாமியின் ஃபைல்மேல் வைத்துவிட்டு
வலையைச் சுருட்டிக்கொண்டு போனாள்.