வேற பட்டன் இல்ல

நாற்பத்தாறு பக்கம்.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தபோது
கட்டைவிரலால் நாலே இழுப்பில் அடிக்குப் போய்
'சம்மதிக்கிறேன்' என்பதை அழுத்தினேன்.
கூட்ஸ் வண்டி அப்போது பாதிகூடக் கடக்கவில்லை.

அப்புறம் மூன்று வருஷம்.
மணலி யார்டில் இரவு ஷிப்ட்,
கன்டெய்னர் நம்பர் குறிக்கிற வேலை.
லாரி வராத இடைவெளிகளில்
அந்த ஊரில் எனக்கு ஏரிக்கரையில் ஒரு வீடு எழும்பியது.
கல் சுமந்தது நான், காரை பூசியது நான்.
கூரைக்கு நீல ஓடு வாங்க
பதினேழு ராத்திரி ஓநாய் அடித்தேன்.

நான் தூங்குகிற பகலில்
நாத்தனார் பெண் கிளாடிஸ் என் பெயரில் நுழைந்து
ஏரி மீனுக்குப் பொரி போட்டாள்.
குற்றம் அவ்வளவுதான்.
ஒரு செவ்வாய்க்கிழமை
ஏரி இருந்தது, மீன் இருந்தது.

கடிதம் சுத்தத் தமிழில் வந்தது.
தங்கள் கணக்கைப் பிறர் கையாளலாகாது.
தங்களுக்கு எதுவும் விற்கப்படவில்லை,
அனுபவிக்க அனுமதி மட்டுமே,
அதுவும் திரும்பப் பெறத்தக்கது.

எங்கேயோ படித்த வாசகமாக இருக்கிறதே என்று
பீரோவைக் குடைந்தேன்.
வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணை, பிளாஸ்டிக் உறைக்குள்,
அம்மாவின் கைநாட்டு ஊதா நிறத்தில்.
விற்கக் கூடாது. வாடகைக்கு விடக் கூடாது.
சுவரில் கை வைக்கக் கூடாது.
அம்மா அந்தச் சுவரை உடைத்துத்தான் ஜன்னல் வைத்தாள்.
முப்பது வருஷமாகக் காற்று வருகிறது,
யாரும் வந்து கேட்கவில்லை.

எங்கள் குழுவில் பத்தொன்பது பேர்.
வியாசர்பாடி, எண்ணூர், ஒருவன் எங்கேயோ துருக்கியில்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற சகாயம்தான் முதலில் எழுதினான்:
"இன்னாக்கா யோசிச்சினு கீற,
கொடத்த வெச்சிட்டு ரோட்டுல குந்த வேண்டியதுதான."

சந்தைக்குப் போக அங்கே ஒரே பாலம்.
ராத்திரி பத்து மணிக்குக் கவசம் கழற்றி
குறுக்கே வரிசையாக உட்கார்ந்தோம்.
ஆளுக்கொரு மண்குடம் முன்னால்.
அந்தக் குடத்துக்கு ஆட்டத்தில் ஒரு உபயோகமும் கிடையாது,
யார் எதற்காக வரைந்து வைத்தார்களோ.
பின்னால் டிராகன்களும் கோபக்கார மந்திரவாதிகளும்
எண்ணூர் ரோட்டு டிரெய்லர் மாதிரி
மைல் நீளத்துக்கு நின்றார்கள்.
குடத்தில் என்ன இருக்கிறது என்று துருக்கிக்காரன் கேட்டான்.
ஒன்றும் இல்லை, அதுக்குத்தான் என்றேன்.

பிறர் மகிழ்ச்சிக்கு ஊறாக அசையாதிருத்தல்:
பதினோராம் பிரிவு, உட்பிரிவு நான்கு.
பத்தே முக்காலுக்கு வாயைப் பூட்டினார்கள்.
பதினொன்றுக்குள் ஒவ்வொருவராக மறைந்தோம்.
குடங்கள் மட்டும் யார் பெயரிலும் இல்லாததால்
ரெண்டு நாள் அங்கேயே கிடந்தனவாம்.

கிளாடிஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.
சொந்தப் பெயரில் சேர்ந்திருக்கிறாள்,
எல்லாப் பக்கமும் படித்துவிட்டு.
இப்போது நாற்பத்தேழு.
புதிதாக ஒரு வரி:
பாலங்களின்மீது கலங்கள் வைத்தல் தடைசெய்யப்பட்டுள்ளது.

நான் எழுதவைத்த சட்டம்!
யார்டே திரும்பிப் பார்க்கச் சிரித்தேன்.
சரி, படிச்சிட்டு என்னடி பண்ண என்றேன் போனில்.

"சம்மதிச்சிட்டேன் அத்த.
வேற பட்டன் இல்ல."