நூற்றுக்கு ஏழு

சீட்டை எழுதிக்கொண்டே டாக்டர் சொன்னார்:
"ஐந்து நாள், இரவில் ஒன்று.
இந்த மாத்திரையில் இரட்டை தங்கவும் வாய்ப்புண்டு,
நூற்றுக்கு ஏழு பேருக்கு. பயப்பட வேண்டாம்."
பிறகு அடுத்த டோக்கனுக்கு மணி அடித்தார்.
வேலூர் வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன்.
எட்டு வருடத்தில் முதல்முறையாக
எனக்கு அதிகமாகிவிடுமோ என்று
ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார்.

நூற்றுக்கு இத்தனை என்பது எனக்குப் புதிதல்ல.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் ஜோடி மேசை.
இடதும் வலதும் ஒரே நிறமா, ஒரே சுருக்கமா என்று
ட்யூப்லைட்டுக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்ப்பவள்.
நூறு ஜோடிக்கு மூன்று தேறாவிட்டாலே
இம்தியாஸ் சார் லைனை நிறுத்திவிடுவார்.
ஏழு என்றால்
மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வருவார்.
ஏழு எங்கள் தளத்தில் சின்ன எண் அல்ல.

பள்ளிகொண்டாவில் கம்பெனி பஸ் ஏறினேன்,
மாதனூர் வருவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.
"ஒட்டுவாழை துன்னியா?" என்றாள் எஸ்தர் கலா.
"அதெல்லாம் சும்மா.
வூட்ல யாருக்னா இருந்திருக்கணும்" என்றாள் ஷாஹினா.
பின் சீட்டிலிருந்து யாரோ:
"ரெண்டு பொறந்தா இன்னாமே பண்ணுவ?
ஒண்ணுக்கே லீவு தரமாட்றான்."
சிரித்தோம். நான்தான் நீளமாகச் சிரித்தேன்.

டாக்டர் தந்த படிவத்தில் ஒரு வரி இருந்தது.
தாய்வழியில் இரட்டைப் பிறவி: உண்டு, இல்லை.
சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்கு போன் போட்டேன்.
விரிஞ்சிபுரம் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள்.
"இன்னாத்துக்கு கேக்கற?"
"படிவத்துக்கு."
பாமாயில் வந்ததா என்று யாரோ கேட்டார்கள்.
வரவில்லை என்று யாரோ சொன்னார்கள்.
பிறகு அம்மா, விலை சொல்கிற குரலில்,
"நீயே ரெண்டுதாண்டி" என்றாள்.

கால்மணி நேரம் கழித்து இன்னொன்று. பெண்.
இரண்டு நாள் இருந்ததாம்.
அப்பா துண்டில் சுற்றி எடுத்துப்போய்
பாலாற்றில் வைத்துவிட்டு வந்தாராம்.
"பேரு?"
"ரெண்டு நாளைக்கு இன்னா பேரு."
"ஏம்மா சொல்லல?"
"நீ கேக்கல. சரி வெச்சிடு, என் நம்பர் வந்துடுச்சி."

எந்த இடம் என்று கேட்டிருக்கலாம்.
ஆனால் அந்த இடமே இப்போது இல்லை.
பள்ளிக்கூட நாட்களில் இரவெல்லாம்
எங்கள் தெரு வழியே மணல் லாரிகள் போகும்,
தூக்கம் வரும்வரை நான் எண்ணுவேன்.
ஒருநாள் நாற்பத்தொன்று.
நான் எண்ணிய எந்த லாரியிலோ அவள்.
எந்த ஊர்ச் சுவரிலோ, எந்தப் பூச்சிலோ.
இந்தத் தளத்தின் தூணில்கூட இருக்கலாம்,
அல்லது ஸ்கேன் சென்டரின் மூன்றாம் மாடியில்,
சட்டையை உயர்த்தச் சொன்ன
அந்தக் குளிர்ந்த அறையில்.

மதியம் சைஸ் முப்பத்தேழில் ஒரு இடதுக்கு வலது கிடைக்கவில்லை.
தேடிக்கொண்டே இருந்தேன்.
"இன்னாம்மா, ஒத்தைய புடிச்சிட்டு நிக்கற,
டப்பால போடு" என்றார் இம்தியாஸ் சார்.
போட்டேன்.

ராத்திரி படிவத்தில் 'உண்டு' என்பதை வட்டமிட்டேன்.
அடுத்து, எத்தனை பேர் என்று கேட்டிருந்தது.
என்னையும் சேர்க்கலாமா என்று தெரியவில்லை.
ஒன்று என்று எழுதி அடித்து, இரண்டு என்று எழுதி,
அடித்ததின் மேல் மை கொஞ்சம் பரவிவிட்டது.

மாத்திரை மிளகைவிடச் சற்றுப் பெரிது, வெள்ளை.
நூற்றுக்கு ஏழு. மிச்சம் தொண்ணூற்று மூன்றில்
ஒன்றும் இருக்கிறது, ஒன்றுமில்லாததும் இருக்கிறது.
அரை டம்ளர் தண்ணீரில் இறங்கிவிட்டது.
"போட்டியா?" என்றார் மதியழகன் இருட்டிலிருந்து.
"போட்டாச்சு" என்றேன்.
இன்னும் நான்கு.