பொன்னுக்கு வீங்கி

இடது காதுக்குக் கீழே
ஒரு பன் ரொட்டி அளவு வீக்கம்.
டாக்டர் தியோ தள்ளி நின்றே பார்த்தார்,
ஐந்து நாள் எம்சி எழுதினார்.
'வெளியே போகாதீங்க, ஒட்டிக்கும்.
பேச்சைக் குறைங்க.'
சோகமாகத் தலையாட்டினேன்.
கிளினிக் படி இறங்கும்வரை
அந்தச் சோகம் சிந்தாமல் கொண்டுவந்தேன்.

பேசுவதுதான் என் வேலை.
ஒரு நாளைக்குத் தொண்ணூறு அழைப்பு, மூன்று மொழி.
தொலைந்த கார்டுக்கு ஒரு குரல்,
தவறிய தவணைக்கு ஒரு குரல்,
கத்துகிறவருக்கென்று பஞ்சு வைத்த ஒரு குரல்.
வீடு திரும்பும்போது எனக்கென்று
மிச்சம் இருப்பது ஒரு 'ம்'.
இப்போது அதுகூட வேண்டாமென்று
முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

கூடத் தங்கியிருக்கும் கோகிலவாணி
கதவிடுக்கில் ஒரு சங்கிலியை நீட்டினாள்.
'பொன் போட்டா இறங்குமாம்.
எங்கிட்ட கவரிங்தான் இருக்கு.'
கவரிங்குக்கு எவ்வளவு இறங்கும்?
பாதி இறங்கட்டும். அவசரமில்லை.
வெளுத்த டிசட்டை, கைலி, கழுத்தில் தகதக சங்கிலி.
யாரும் அழைக்காத கல்யாணத்துக்குக்
கிளம்பி நிற்பவள் மாதிரி இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணியை
இந்த வீட்டில் நான் பார்த்ததே இல்லை.
மூன்று வருடமாய் வாடகை கட்டுவது நான்;
குடியிருந்தது வெயில்.
சமையலறை ஜன்னல் வழி வருகிறது,
அரிசி வாளியைத் தொடுகிறது,
ஹாலில் கால் நீட்டிப் படுக்கிறது.
என்னைப் பார்த்துக் கொஞ்சம் சங்கடப்பட்டது.
தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தேன்.

கீழே ரொட்டி விற்பவரின் ஹார்ன்.
செந்தூல் ஸ்டேஷனில் ரயில் நின்று,
ஏறாத என்னை ஏற்றாமல் கிளம்புகிறது.
எதிர் பிளாக் ஒன்பதாம் மாடியில்
பள்ளிக்குப் போகாத ஒரு சீனப் பையன்,
அவனுக்கும் ஏதோ வீங்கியிருக்கலாம்,
கையசைத்தான்.
சங்கிலியைத் தூக்கிக் காட்டினேன்.

புளிப்பு ஆகாது.
அசாம் லக்சா என்று நினைத்தாலே
காதடியில் மின்னல் வெட்டுகிறது.
வேண்டுமென்றே இரண்டு முறை நினைத்தேன்.
பிறகு ஆறிய மைலோவை
ஸ்ட்ரா போட்டு,
ஒரு கிளாஸை முக்கால் மணி நேரம் குடித்தேன்.
கடைசியில் வரும் அந்தக் கொர்ர் சத்தத்தை
யாரும் முறைக்காமல்
முழுதாய் எழுப்பினேன்.

வியாழன் மூன்றரைக்கு போன் அடித்தது.
புது எண். பழைய பாட்டு:
'வணக்கம், மேடம், ரெண்டு நிமிஷம் பேசலாமா?'
காப்புறுதி விற்கும் பெண்.
வாய் திறக்க முடியவில்லை. வெட்டவும் மனமில்லை.
ஹலோ, என்றாள்.
ஹலோ மேடம், என்றாள்.
மூன்றாவது ஹலோவுக்குப் பிறகு
அவள் மூச்சு விடுவது கேட்டது,
தண்ணீர் பாட்டில் மூடி திருகும் சத்தம் கேட்டது,
ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு.
லைன் திறந்திருக்கும்வரை
அடுத்த அழைப்பு விழாது. எனக்குத் தெரியும்.
குடி, தங்கச்சி, குடி.
போனை மெதுவாகத் தலையணையில் வைத்துவிட்டு
வானத்தைப் பார்த்தேன்.

நாலு மணி மழை
சொல்லி வைத்தாற்போல் வந்தது.
மொட்டை மாடியில் காய்ந்த யாருடைய போர்வையோ
நனைகிறது.
ஓட வேண்டியது நானில்லை.
ஜன்னலைப் பாதி திறந்து
கால்விரல்களை மட்டும் மழைக்குக் கொடுத்தேன்.
நாலரைக்கு ஒரு தூக்கம், ஆறுக்கு ஒரு கஞ்சி,
ஏழுக்கு மறுபடி அதே தூக்கத்தின்
இரண்டாம் பாகம்.

சனிக்கிழமை கண்ணாடியில்
என் பழைய தாடை திரும்பி வந்திருந்தது.
ஒழுங்கான தாடை. சிரிக்கப் பழகிய தாடை.
கவரிங் சங்கிலியை முறைத்தேன்:
இவ்வளவு வேலை செய்யச் சொன்னது யார்?
சூப்பர்வைசருக்கு 'திங்கள் வருகிறேன்' என்று
டைப் செய்து அனுப்பப் போன நேரம்
வலது காதுக்குக் கீழே
லேசாக, மிக லேசாக
ஒரு பாரம்.

விரலால் அழுத்தினேன்.
வலித்தது.
இன்னொரு தடவை அழுத்தினேன்.

'கோகி,' என்று
கதவிடுக்கில் ஒரு சீட்டுத் தள்ளினேன்,
'சங்கிலி இன்னும் கொஞ்ச நாள்
இருக்கட்டும்.'